எண் எல்லோர் கையிலும். முடிவு யார் கையில்?

2024 கோடையில் ஒகேனக்கல்லில் காவிரி விநாடிக்குச் சில நூறு கன அடியாகச் சுருங்கி, பாறை இடுக்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலை முடிவதற்குள் அந்தப் பாறைகளை மூழ்கடித்துக்கொண்டு விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் பாய்ந்தது. ஜூலை 30 அன்று மேட்டூர் அணை தன் முழு நீர்மட்டமான 120 அடியை எட்டியது. தண்ணீருக்குத் தவித்ததற்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் நடுவே இருந்தவை சில வாரங்கள்தான்.

இவ்வளவு வேகமான மாற்றம் காவிரிக்குப் பழகியதே. பழகாதது, அந்த மாற்றம் பற்றிய தகவல் ஓடும் வேகம். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் மதகு தூக்கிய செய்தி, தண்ணீர் மேக்கேதாட்டுவைத் தொடுவதற்கு வெகுநேரம் முன்பே பென்னாகரத்து டீக்கடைக்கு வந்துவிடுகிறது. மாவட்ட ஆட்சியரின் மேசைக்கு வரும் எண்ணும் பரிசல் ஓட்டுபவரின் கைப்பேசிக்கு வரும் எண்ணும் ஒன்றே. இரண்டும் வந்துசேரும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே.

அதிகாரத்தில் பாதி, மற்றவர்களுக்கு முன் தகவலை அறிவதில்தான் இருந்தது. அந்தப் பாதி இப்போது கரைந்துவிட்டது. 'எங்களுக்குத் தகவல் வரவில்லை' என்று இனி எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் பாதி, தெரிந்ததை வைத்து முடிவெடுப்பது. எடுத்த முடிவுக்குப் பதில் சொல்வது. டிஜிட்டல் யுகத்தின் தலைமை பற்றிப் பேசுகிறவர்கள் செயலி, செயற்கை நுண்ணறிவு, கட்டுப்பாட்டு அறை என்று கருவிகளைப் பற்றியே பேசுகிறார்கள். கருவி எண்ணைக் காட்டிய பிறகு என்ன செய்வது என்ற விதியை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை ஒகேனக்கல்லில் நின்று கேட்டால் பதில் தெளிவாகக் கிடைக்கிறது.

எண் பிறக்கும் இடம்

ஒகேனக்கல்லுக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டிப் பக்கம் இருக்கிறது பிலிகுண்டுலு. மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கேதான். 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி' என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்த எண்ணின் ஊற்றுக்கண் அது.

அளக்கும் முறை எளிது. பொறுமைதான் நிறைய வேண்டும். ஆற்றின் குறுக்கே ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு, அதைப் பல துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்ப்பார்கள். மேற்பரப்பிலிருந்து அந்த ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே, சுழலும் வேகமானியை இறக்கி நீரோட்டத்தின் வேகத்தைக் குறிப்பார்கள். பரப்பை வேகத்தால் பெருக்கினால் அந்தத் துண்டில் ஓடும் அளவு. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் ஆற்றின் அளவு. இப்படிப் பல பருவங்களில் எடுத்த அளவுகளைச் சேர்த்து, நீர்மட்டம் இவ்வளவு என்றால் ஓட்டம் இவ்வளவு என்று சொல்லும் ஒரு வரைகோட்டை உருவாக்கி வைத்திருப்பார்கள். பெருவெள்ளத்தில் வேகமானியை இறக்க முடியாதபோது நீர்மட்டத்தை மட்டும் பார்த்து, அந்த வரைகோட்டிலிருந்து எண்ணை எடுக்க வேண்டியதுதான். வெள்ளம் படுகையை அரித்துவிட்டால் வரைகோட்டையும் திருத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் நொடியில் வந்து விழும் ஐந்து இலக்க எண்ணுக்குப் பின்னால் இத்தனை கையுழைப்பு இருக்கிறது.

அதைவிட நீண்ட உழைப்பு சட்டத்தில் நடந்தது. 1990 ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூனில் வந்த இடைக்கால ஆணை, மேட்டூரில் ஆண்டுக்கு 205 டிஎம்சி கிடைக்க வேண்டும் என்றது. 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, அளக்கும் இடத்தை மேட்டூரிலிருந்து மாநில எல்லைக்கு, பிலிகுண்டுலுவுக்கு மாற்றி, 192 டிஎம்சி என்றது. அது அரசிதழில் ஏறுவதற்கே 2013 பிப்ரவரி ஆகிவிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 என்று மாதக் கணக்கும் உண்டு. 2018 ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் உருவானது. அன்றாடக் கண்காணிப்புக்கு ஒழுங்காற்றுக் குழு வந்தது.

குறைக்கப்பட்ட அந்த எண் தமிழகத்துக்கு இழப்பு என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு தர வேண்டும் என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. எங்கே, யார் அளப்பது என்பதில் இரு மாநிலங்களுக்கும் ஒரே பதில் இருக்கிறது. தொழில்நுட்பத்தில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு தலைவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே: எதிராளியும் மறுக்க முடியாத ஓர் அளவுகோலை நட்டுவைப்பது. அது இல்லாத இடத்தில் எத்தனை உணரிகளை வைத்தாலும் அவரவர் எண்ணை அவரவர் வைத்துக்கொண்டு சண்டை போடத்தான் செய்வார்கள்.

எண் தனியாக நிற்காது

அளவுகோல் மட்டும் போதாது என்பதை 2016 செப்டம்பர் காட்டியது. அந்த மாதம் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தமிழகத்துக்கு விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தண்ணீர் விடும்படி கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. 12-ஆம் தேதி அதை 12,000 கன அடியாக மாற்றியது. அன்றைக்குப் பெங்களூரு பற்றியெரிந்தது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் தீக்கிரையாயின. உயிரிழப்பும் நேர்ந்தது. முகநூலில் போட்ட ஒரு பதிவுக்காகத் தமிழ் மாணவர் ஒருவர் தாக்கப்பட்ட வீடியோ ஒரு பக்கம். தமிழகத்தில் கன்னடர்கள் தாக்கப்பட்ட வீடியோக்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவின.

15,000 கன அடி என்பது யாருக்கும் தெரியாத எண்ணாக இல்லை. எல்லாச் செய்தியிலும் அதுதான் ஓடியது. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அந்தக் கணக்கில் பத்து நாளைக்கு ஏறத்தாழ 13 டிஎம்சி. அந்த 13 டிஎம்சி போனால் மண்டியா விவசாயிக்கு என்ன மிஞ்சும், தஞ்சை விவசாயியின் சம்பாவுக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்று இரண்டு மொழியிலும் பொறுமையாக எடுத்துச் சொன்ன குரல் எதுவும் அந்த வீடியோக்களுக்கு மேலே எழவில்லை. எண்ணை அறிவித்ததோடு பொறுப்பு முடிந்ததாகத் தலைவர்கள் இருந்துவிட்டார்கள். விளக்கம் இல்லாத எண்ணுக்கு விளக்கத்தை வதந்தி எழுதிக்கொண்டது.

ஏழு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில் மறுபடியும் பற்றாக்குறை. பதினைந்து நாட்களுக்கு விநாடிக்கு 5,000 கன அடி விடும்படி ஒழுங்காற்றுக் குழு சொன்னது. மேலாண்மை ஆணையம் அதை ஏற்றது. 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 26-ஆம் தேதி பெங்களூருவிலும் 29-ஆம் தேதி கர்நாடகம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. கோபம் குறைவில்லை, கைப்பேசிகள் 2016-ஐவிட அதிகம். இருந்தும் அந்த அளவுக்குத் தீவைப்பு நடக்கவில்லை. இதற்குக் காவல் துறையின் முன்னேற்பாடு உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அடிக்கடி கூடி, இரு மாநில அதிகாரிகளையும் எதிரெதிரே உட்காரவைத்து, அணைவாரியாகக் கணக்குப் பார்க்கும் ஓர் அமைப்பு அப்போது இருந்தது. சண்டை தெருவுக்கு வருவதற்கு முன் போய் முட்டிக்கொள்ள ஒரு மேசை இருந்தது. அந்த மேசையைப் போட்டதுதான் தலைமை.

ஆறு தரும் அவகாசம்

ஒகேனக்கல்லுக்கு வெள்ளம் இரண்டு வழியில் வருகிறது. முதல் வழி, கர்நாடக அணைகள். கிருஷ்ணராஜ சாகரிலோ கபினியிலோ திறந்த தண்ணீர் இங்கே வந்துசேர ஓரிரு நாள் ஆகும். செய்தி நிமிடங்களில் வரும். தண்ணீர் நாட்களில் வரும். இந்த இடைவெளி ஆறு நமக்குத் தரும் அவகாசம். கரையோரக் குடியிருப்புகளை எச்சரிக்க, பயணிகளைத் திருப்பியனுப்ப, மேட்டூரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க இது தாராளமாகப் போதும்.

இரண்டாவது வழி, அணைக்குக் கீழே பெய்யும் மழை. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், கேரட்டி, ராசிமணல் என்று செய்திகளில் வரும் ஊர்களில் மாலையில் கொட்டும் மழை, எந்த மதகையும் கேட்காமல் காட்டோடைகள் வழியே இரவுக்குள் ஆற்றில் இறங்கிவிடும். இங்கே அவகாசம் சில மணி நேரம்தான். சில சமயம் அதுவும் இல்லை.

முதல் வகை வெள்ளத்துக்கு மேலிடத்தில் திட்டமிடும் தலைமை வேண்டும். இரண்டாவது வகைக்கு ஆற்றங்கரையில் நிற்கும் ஊழியரிடம் அதிகாரம் வேண்டும். இந்த வேறுபாட்டை டிஜிட்டல் தொழில்நுட்பம் மறக்கடித்துவிடுகிறது. எல்லாத் தகவலும் ஒரே திரையில் தலைநகரில் தெரிவதால், எல்லா முடிவும் அங்கேயே எடுக்கப்பட வேண்டும் என்ற மயக்கம் வந்துவிடுகிறது. களத்தில் இருப்பவர் கண்ணெதிரே தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, மேலிருந்து அழைப்பு வரும் என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தகவல் மேலே போகப் போக, துணிச்சலும் கூடவே மேலே போய்விடுகிறது. நம் நிர்வாகத்தைப் பீடித்திருக்கும் புதிய நோய் இது.

இதன் விலையைச் சென்னை ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. 3.645 டிஎம்சி கொள்ளளவு கொண்ட ஏரியில் முன்கூட்டியே படிப்படியாக இடம் ஒதுக்கியிருக்க வேண்டாமா, யாருடைய ஒப்புதலுக்காகக் காத்திருந்தார்கள் என்ற கேள்விகள் எழுந்தன. தாமதமே இல்லை என்று அரசு மறுத்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ, அதை மனிதரால் ஏற்பட்ட பேரிடர் என்றே சொன்னது. மழை வரும் என்ற முன்னறிவிப்பு அன்றைக்கும் இருந்தது. முன்னறிவிப்பு இந்த அளவுக்குப் போனால் இந்தப் பொறியாளர் இந்த மதகை இவ்வளவு திறக்கலாம் என்ற, யாரையும் கேட்க வேண்டாத, எழுதிவைத்த விதி நடைமுறையில் இருந்திருந்தால் அந்தக் கேள்விகளே எழுந்திருக்காது.

அதே தமிழகத்தில் நல்ல உதாரணமும் உண்டு. கோவை மதுக்கரையில் காட்டை ஊடறுத்துப் போகும் ரயில் பாதையில், 2024 பிப்ரவரியில் வனத் துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை அமைத்தது. 12 கோபுரங்களில் 24 கேமராக்கள். பாதையருகே யானை வந்தால் எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கிருந்து வனப் பணியாளருக்கும் ரயில்வேக்கும் போய், ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். நடுவில் கோப்பு இல்லை, குறிப்பு இல்லை, மேலிட அனுமதி இல்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்பது கேமரா பொருத்தும்போதே முடிவாகிவிட்டது. அங்கே பாராட்டப்பட வேண்டியது கேமராவைவிட அந்த ஏற்பாடுதான்.

வெள்ள முன்னறிவிப்பிலும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மத்திய நீர் ஆணையத்துடன் சேர்ந்து கூகுள் 2018-இல் பாட்னாவில் தொடங்கிய சோதனை முயற்சி, இன்று நாட்டின் பல ஆறுகளுக்குப் பரவியிருக்கிறது. இத்தகைய கருவிகள் 'வரும்' என்றோ 'வராது' என்றோ அடித்துச் சொல்வதில்லை; வாய்ப்பைத்தான் சொல்லும். தடை போட்டு வெள்ளம் வராவிட்டால் வியாபாரிகள் திட்டுவார்கள். தடை போடாமல் வெள்ளம் வந்துவிட்டால் பிணம் மிதக்கும். இந்த இரண்டு தவறுகளும் சம எடை கொண்டவை அல்ல. எதை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதை எந்தக் கணிப்பொறியும் சொல்லாது. அது மனிதர்கள் முன்கூட்டியே பேசி எடுக்க வேண்டிய முடிவு.

தடைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

நீர்வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் முதலில் எடுக்கும் நடவடிக்கை, அருவியில் குளிக்கவும் ஆற்றில் பரிசல் இயக்கவும் தடை. அது சரியான நடவடிக்கை. 2015 நவம்பரில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பரிசல் என்பது மூங்கிலைப் பின்னி, ஒரு காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிய வட்டக் கூடை. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் அதைச் சுழலுக்குள் விட்டு வெளியே எடுப்பது அதை ஓட்டுபவரின் கைத்திறன். பாறைக்கு நடுவே நீரோட்டம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அந்தத் திறனும் உதவாது. அதை முதலில் சொல்கிறவரும் அவர்தான்.

தடை அறிவித்த நாளில் சின்னாறு பரிசல் துறையில் பரிசல்கள் கவிழ்த்து அடுக்கப்படுகின்றன. அதோடு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளியின் பாய் சுருட்டப்படுகிறது. பயணிகள் வாங்கித் தரும் மீனைச் சமைத்துக் கொடுக்கும் பெண்களின் அடுப்பு அணைகிறது. கடைகள், விடுதிகள், ஆட்டோக்கள் எல்லாம் படுத்துவிடுகின்றன. கோடையில் தண்ணீர் இல்லாததால் வருமானம் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டதால் வருமானம் இல்லை. தடை எப்போது விலகும் என்று கேட்டால் 'நீர்வரத்து குறைந்ததும்' என்பதுதான் பதில். எவ்வளவுக்குக் குறைந்ததும், எத்தனை நாள் அந்த அளவில் நின்றதும் என்பது அந்தந்த நேரத்து அதிகாரியின் மனத்தில் இருக்கிறது.

பாதுகாப்பு முடிவைத் தலைவர்கள் எடுக்கிறார்கள். அதன் செலவை அந்த ஊரிலேயே சேமிப்பு குறைந்தவர்கள் ஏற்கிறார்கள். செலவு தன்மேல் விழாத முடிவைக் கறாராக எடுப்பதில் பெருமை எதுவும் இல்லை. கடலோரத்தில் அரசு இதை உணர்ந்து நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் கடல் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை தருகிறது. மீன்வளம் காக்க என்று நாம் தடை போடும்போது, அதன் பாரத்தில் ஒரு பங்கை அரசு சுமக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. அந்த நியாயம் கடலோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்கும் வரலாம்.

தருமபுரி ஏற்கெனவே காட்டிய வழி

தொழில்நுட்பத்தை மக்களோடு சேர்ந்து கொண்டுவருவது எப்படி என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2004-05-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டு, 400 ஹெக்டேர், ரூ.7.20 கோடி. உளிக்கலப்பை, குழித்தட்டு நாற்று, சொட்டுநீர்க் குழாய் வழியே கரையும் உரம் ஆகியவை அதன் கருவிகள். அப்போது இந்த வட்டாரம் வறட்சியில் அடிபட்டிருந்தது; கேட்டவர்கள் நம்பவில்லை.

பல்கலைக்கழகம் செய்தது இதுதான். முதல் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு முழு மானியம். இரண்டாம் ஆண்டு 90 விழுக்காடு. மூன்றாம் ஆண்டு 80 விழுக்காடு. முதலில் துணிகிறவருக்கு நட்டம் வந்தால் அது அரசின் நட்டம். பக்கத்து வயலில் தக்காளி காய்ப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர் தன் பங்கையும் போட வேண்டும். விஞ்ஞானிகள் வாரத்துக்கு வாரம் வயலுக்கு வந்தார்கள். விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து சங்கம் அமைத்து, உரக் கடையிலும் சந்தையிலும் பேரம் பேசும் பலத்தைப் பெற்றார்கள். பிறகு தமிழகம் முழுக்கப் பரவிய முறை இங்கே பிறந்ததற்குக் காரணம் குழாயும் கலப்பையும் மட்டுமல்ல. மாற்றத்தின் ஆபத்தை யார் முதலில் தாங்குவது என்ற கேள்விக்கு, திட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் பதில் இருந்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இன்னொரு பாடம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல் கறைபடும். தொடர்ந்து குடித்தால் எலும்பு வளையும். இங்கே தலைமுறைகள் அதைக் குடித்தன. 1998-இல் மத்திய அரசின் முன்னிலையில் பேசி முடித்த திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. இங்கேயும் உண்ணாவிரதங்கள் நடந்தன. கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தைத் தள்ளிவைப்பதாக அந்த ஏப்ரலில் அவர் அறிவித்தபோது, பின்வாங்கிவிட்டார் என்று கடும் விமர்சனம் வந்தது. ஜப்பான் நிதியுதவியோடு ரூ.1,928 கோடியில் வேலை நடந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா அதைக் காணொலி வழியே தொடங்கிவைத்தார்.

அடிக்கல் ஒருவர், திறப்பு இன்னொருவர். தமிழக அரசியலில் அவர்களைவிட எதிரெதிரான இருவரைக் காட்டுவது கடினம். இருந்தும் குழாய் நடுவழியில் நிற்கவில்லை. ஒவ்வொரு மணி நேரமும் சமூக ஊடகத்தில் மதிப்பெண் போடப்படும் இன்றைய தலைவர்களுக்கு இதில் செய்தி இருக்கிறது. வேகமான காலத்தில் எல்லாவற்றையும் வேகமாகச் செய்வது தலைமை ஆகாது. வெள்ள எச்சரிக்கைக்கு நிமிடக் கணக்கு. குடிநீருக்கு ஆண்டுக் கணக்கு. எதற்கு எந்தக் கடிகாரம் என்று தெரிந்திருப்பதும், முந்தைய ஆட்சி தொடங்கியது என்பதற்காக நல்ல வேலையைக் கைவிடாமல் இருப்பதும் எந்தச் செயலியாலும் கற்றுத்தர முடியாத பண்புகள்.

ஜூனுக்கு முன் செய்ய வேண்டியவை

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூனில் தொடங்குகிறது. அதற்கு முன் நான்கு வேலைகளை அரசு முடிக்க வேண்டும்.

முதலாவது, தடையின் விதியை எண்ணாக எழுத வேண்டும். பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி வந்தால் குளிக்கத் தடை, எத்தனைக்குப் பரிசல் தடை, எந்த அளவுக்கு இறங்கி எத்தனை மணி நேரம் நின்றால் தடை நீக்கம் என்பதைப் பொறியாளர்களும் தீயணைப்புத் துறையும் பரிசல் ஓட்டுபவர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். ஆற்றை அன்றாடம் தொடுகிறவர்கள் இல்லாமல் எழுதும் விதி காகிதத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது, அந்த விதியைப் பரிசல் துறையிலும் அருவி நுழைவாயிலிலும் தமிழிலும் கன்னடத்திலும் பலகையாக வைக்க வேண்டும். பெங்களூருவிலிருந்து காரில் கிளம்பும் குடும்பம், அன்றைய எண்ணைக் கைப்பேசியில் பார்த்து அங்கேயே முடிவெடுக்க முடிய வேண்டும். பாதி வழி வந்த பிறகு திருப்பியனுப்பப்படுவதில்தான் வாக்குவாதமும் திருட்டுத்தனமாக ஆற்றில் இறங்குவதும் தொடங்குகின்றன.

மூன்றாவது, உள்ளூர் மழை வெள்ளத்துக்கு, ஆற்றங்கரையில் பணியிலிருக்கும் அலுவலரே யாரையும் கேட்காமல் தடை போடும் அதிகாரத்தை எழுத்தில் தர வேண்டும். அவர் எச்சரிக்கையாக இருந்து எடுத்த முடிவு பிறகு தேவையற்றது என்று தெரியவந்தால், அதற்காக அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. எச்சரிக்கைக்குத் தண்டனை கிடைக்கும் இடத்தில் யாரும் எச்சரிக்கமாட்டார்கள்.

நான்காவது, கடல் மீனவர்களுக்கு இருப்பதுபோல், தடை நாட்களுக்குப் பதிவுபெற்ற பரிசல் தொழிலாளர்களுக்கும் அருவியை நம்பிய மற்றத் தொழிலாளர்களுக்கும் நிவாரணம் தர வேண்டும். நாட்கணக்கை யாரும் விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டியதில்லை. தடை ஆணையே சான்று. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போக இன்று எல்லா வசதியும் இருக்கிறது. டிஜிட்டல் தொழில்நுட்பம் ஏழைக்கு உண்மையில் பயன்படும் இடம் இது.

இவற்றில் எதற்கும் புதிய செயற்கைக்கோள் வேண்டாம், புதிய செயலி வேண்டாம். அளக்கும் நிலையம் இருக்கிறது, எண் வருகிறது, கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. முதல் மூன்றுக்கு மாவட்ட ஆட்சியரின் ஆணை போதும். நான்காவதற்கு ஓர் அரசாணை வேண்டும். இந்த இரண்டு கையெழுத்துகளையும் வெள்ளம் வருவதற்கு முன் போடுகிறவரைத்தான் தலைவர் என்று சொல்ல முடியும்.

– கட்டுரையாளர், ஓய்வுபெற்ற நீர்வளப் பொறியாளர்